தாவே ஆற்றங்கரைச் செம்பு

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் அமைந்த ஸ்வான்சி நகரில் செம்புச் சுரங்கம் இல்லை. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ‘செம்பு மாநகர்’ என அழைக்கப்பட்டது. காரணம், அங்குக் கிடைத்த நிலக்கரி. தாதுவை உருக்க அதனினும் மிகுதியான எடையில் நிலக்கரி தேவைப்பட்டதால், தாதுவையே நிலக்கரி உள்ள இடத்திற்குக் கொண்டுவந்தனர். கடலுக்கு அப்பால் உள்ள கார்ன்வாலிலிருந்து தாது ஏற்றி வந்த கப்பல்கள், அங்குள்ள சுரங்கங்களில் நீரிறைக்கும் எந்திரங்களுக்கான நிலக்கரியோடு திரும்பின. பின்னாளில் கியூபாவிலிருந்தும் சிலியிலிருந்தும் தாது வந்தது.

கார்ன்வாலைச் சேர்ந்த ஜான் விவியன், 1810இல் தாவே ஆற்றங்கரையில் ஹாஃபோட் என்னுமிடத்தில் உருக்காலையைத் தொடங்கினார். ‘விவியன் அண்டு சன்ஸ்’ என்னும் அந்நிறுவனத்தை வளர்த்தவர் அவர்தம் மகன் ஜான் ஹென்றி விவியன். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் சுரங்கவியல் கற்றவர். தம் ஆலையின் உருக்குமுறையை 1823இல் கட்டுரையாக வெளியிடவும் செய்தார். தொழில் நுணுக்கத்தை மறைத்துவைப்பதே வணிகரின் இயல்பு என்பதை எண்ணினால், இது வியப்புக்குரியது.

‘வேல்ஸ் முறை’ எனப்பட்ட அம்முறையில் தாதுவைப் பலமுறை மாறிமாறி வறுத்தும் உருக்கியும் தூய்மை செய்தனர். வறுக்குந்தோறும் தாதுவிலிருந்த கந்தகம் எரிந்து, கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே வெளியேறியது. ஆர்செனிக்கும் உடன் சென்றது. காற்றின் ஈரத்தோடு கலந்த புகை அமிலமாகி மண்ணில் படிந்தது. அருகிலிருந்த குன்றுகளில் புல்லும் பட்டுப்போயிற்று. கால்நடைகள் மூட்டு வீங்கி முடமாகின்றன என்று உழவர்கள் முறையிட்டனர்.

விவியன் வாளாவிருக்கவில்லை. நீண்ட புகைக்கால்வாய்களைக் கட்டி, புகையின்மீது நீரைப் பொழியச் செய்தார். மைக்கேல் ஃபாரடே போன்ற அறிஞரும் இம்முயற்சியில் துணைநின்றனர். புகை ஓரளவே தணிந்தது. 1833இல் உழவர்கள் வழக்குத் தொடுத்தனர்; நடுவர் குழுவோ நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஆலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஒருபுறம், விளைநிலத்தை இழந்தோர் மறுபுறம் என ஊர் பிளவுபட்டிருந்த காலம் அது.

1860களில் ஜான் ஹென்றியின் மகன் ஹென்றி ஹஸ்ஸி விவியன், ஜெர்மானிய உலைகளை அமைத்துப் புகையின் ஒரு பகுதியைக் கந்தக அமிலமாக்கினார். அமிலத்திற்கு நல்ல விலை கிடைத்தது. அரை நூற்றாண்டுக் காலம் உழவரின் வயலில் வீழ்ந்தது விற்பனைக்குரிய பொருளே என்பது அப்போதுதான் தெளிவாயிற்று!

சிலி முதலிய நாடுகள் தாது கிடைக்கும் இடத்திலேயே உருக்கத் தொடங்கியதும் ஸ்வான்சியின் சிறப்பு மங்கியது. 1924இல் அந்நிறுவனம் அண்டை நிறுவனத்தோடு இணைந்தது. 1980இல் ஹாஃபோட் ஆலை மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1960களில், கழிவுக் குவியல்கள் நிறைந்த அப்பள்ளத்தாக்கை மீட்கும் பணி தொடங்கியிருந்தது. மொட்டைக் குன்றுகளில் மரக்கன்றுகளை நட்டவர்களுள் அவ்வூர்ப் பள்ளி மாணவர்களும் இருந்தனர்.