டே-கேரில் பகல் ஒரு மணி

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு டே-கேர் தேடும் வேலை, பாட்டியோ சித்தியோ வந்து தங்க முடியாத வீடுகளில் மகப்பேறு விடுப்பு முடிகிறபோதே தொடங்கிவிடுகிறது. 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் ஏற்பாடு செய்ய வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்பதும் அதே திருத்தத்தில் உண்டு. ஆனால் சென்னை மாதிரி ஊரில், அலுவலகத்திலேயே காப்பகம் இருந்தாலும், காலை நெரிசலில் கைக்குழந்தையோடு கேபில் போய்வருவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. அங்கன்வாடியோ அலுவலகம் விடும் நேரம்வரை இயங்காது. ஆக, வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தனியார் டே-கேரில்தான் பலரின் தேடல் வந்து நிற்கிறது.

பெற்றோர் பார்க்கப் போவது வழக்கமாகக் காலை பத்தரை, பதினொன்றுக்கு. அந்த நேரத்தில் எந்த டே-கேரும் அழகாகத்தான் இருக்கும். சுவரில் கார்ட்டூன், தரையில் செயற்கைப் புல், செல்போனிலேயே பார்க்கும்படி சிசிடிவி, கையில் வண்ணத் தாளில் ஒரு பாடத்திட்டம். இரண்டு வயதில் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதே குறைவு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடும். அந்த வயதுக்கான பாடத்திட்டம் பெரும்பாலும் பெற்றோருக்காக அச்சடிக்கப்படுவது.

கவனிக்க வேண்டிய நேரம் பகல் ஒரு மணி. சாப்பாடு, டயாபர், தூக்கம் மூன்றும் ஒன்றாக வந்து மோதும் நேரம் அது. ஒரு குழந்தை பருப்பு சாதத்தைத் துப்புகிறது, ஒன்று நாற்காலியிலேயே தூங்கி விழுகிறது, இன்னொன்றுக்கு டயாபர் மாற்றியாக வேண்டும். டயாபர் மாற்றிய ஆயாம்மா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி ஊட்ட வருகிறாரா, ஒரே ஸ்பூன் நாலு வாய்க்குப் போகிறதா, சாப்பிடாத குழந்தைக்கு அதட்டலா, செல்போன் வீடியோவா, பொறுமையா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதியே இல்லை என்று சொல்லும் இடத்தைப் பற்றி யோசிப்பது நல்லது.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல்படி, மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் வேண்டும், உதவியாளர் தனி. இது குறைந்தபட்சம்தான். “மொத்தம் எத்தனை ஸ்டாஃப்?” என்று கேட்டால் சமையல்காரர், வேன் டிரைவர், ஃபீஸ் வாங்குபவர் எல்லோரையும் சேர்த்து ஒரு பெரிய எண் வரும். “இந்த அறையில், மத்தியானம், எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர்?” என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். அதோடு, ஆயாம்மா எவ்வளவு காலமாக அங்கே வேலை செய்கிறார் என்பதையும் கேட்கலாம். சம்பளம் குறைவாக உள்ள இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு முகத்துக்குப் பழகி முடிப்பதற்குள் அடுத்த முகம் வந்து நிற்கும்.

கட்டிடத்தைப் பார்க்கும்போது படிக்கட்டையும் சமையலறையையும் முதலில் பார்க்க வேண்டும். 2004 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்ததில் கூரைக் கொட்டகைக்கும் குறுகலான படிக்கட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. குடியிருப்பு வீட்டையே டே-கேராக மாற்றிய இடங்களில் இரண்டாவது வழி இருக்கிறதா, மாடியில் தவழும் குழந்தைகளை வைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சேர்த்த பிறகு வருவது அழுகை. பெற்றோரைப் பிரியும் பயம் பொதுவாக எட்டு மாதத்தில் தலைகாட்டி, ஒன்றரை வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று வயதுக்குள் தணியும். அதனால் வாசலில் அழுவதை வைத்து டே-கேரை எடைபோட முடியாது. அம்மா தெருமுனை தாண்டுவதற்குள் அழுகை நிற்பதும் சகஜம். முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு சாப்பாடு வரை, பிறகு தூக்கம் வரை என்று நீட்டிக்கொண்டுபோனால் குழந்தை சீக்கிரம் பழகும். கண்ணில் படாமல் நழுவிப் போவது பயத்தைக் கூட்டும்.

முதல் வருடம் சளி, காய்ச்சல், வாய்ப்புண்ணோடு கை கால்களில் கொப்புளம் என்று மாறி மாறி வரும். காய்ச்சலோடு வரும் குழந்தையைத் திருப்பி அனுப்பும் டே-கேர்மீது பெற்றோருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் மற்ற நாட்களில் அந்தப் பெற்றோரின் குழந்தையைக் காப்பாற்றுவதும் அதே கண்டிப்புதான். இன்னொரு குழந்தை கடித்த தடமும் இந்த வயதில் சாதாரணம். எப்போது, எப்படி நடந்தது என்று கேட்கும் முன்பே சொல்கிறார்களா, கேட்ட பிறகு “தெரியலையே மேடம்” என்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம்.

எத்தனை மணிக்குத் தூங்கியது, என்ன சாப்பிட்டது, எத்தனை டயாபர் என்று தினமும் எழுதித் தரும் இடங்களில் குழந்தையின் நாள் எப்படிப் போகிறது என்பதைப் பின்தொடர்வது சுலபம். வாரக்கணக்கில் பழகிய பிறகும் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் குழந்தை ஒடுங்கினால், விளக்கமில்லாத காயங்கள் திரும்பத் திரும்ப வந்தால், கட்டிய அட்வான்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே நிறுத்திவிட வேண்டியதுதான். வேறு புகார்களுக்கு இடம் மாற்றுவதென்றால், புது இடத்திலும் பழகும் படலம் முதலிலிருந்து தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம் விடுப்பைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.