பழைய கார் வாங்கப் போறீங்களா?

கார் வாங்குவது ஆண்கள் சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும் என்று நம்மில் பல பேர் ஒதுங்கி நின்று விடுகிறோம். ஆனால், அந்தக் காருக்குப் போகிற பணம் நம்ம சீட்டுப் பணம், நம்ம நகைப் பணம். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம். புடவை வாங்கினால் முழுசாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கிறோம். ரெண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கும் பொருளைப் பார்க்காமல் விடலாமா தோழிகளே?

எங்கள் வீட்டில் கார் ஆடம்பரத்துக்கு இல்லை. என் அத்தைக்கு (மாமியார்) இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு நாள் ஒட்டன்சத்திரத்தில் இருந்து திண்டுக்கல் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். பஸ்ஸில் அவர்களால் முடியாது. வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 1,500 ரூபாய். மாதம் 12,000 ரூபாய்க்கு எங்கே போவது? நான் கட்டி வந்த சீட்டை எடுத்து, 2,20,000 ரூபாய்க்குள் ஒரு பழைய சின்னக் கார் வாங்குவது என்று முடிவு செய்தோம். அழகு, கலர் எதுவும் வேண்டாம். நடு ரோட்டில் நிற்காத வண்டியாக இருந்தால் போதும். டயாலிசிஸ் முடிந்து துவண்டு வருகிற உடம்பை வெயிலில் ரோட்டோரம் உட்கார வைக்க முடியுமா?

எங்கள் தெருவில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அண்ணனிடம், 'எதை எதைப் பார்க்கணும்?' என்று கேட்டு, பையனுடைய பழைய நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டேன். அவர் சொன்னதும், ஒரு மாதம் நாலு வண்டி பார்த்ததில் நான் தெரிந்து கொண்டதும் இதோ:

* வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். 'நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று முன்பே சொல்லி விடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோளாறுள்ள இன்ஜின் ஆறிப் போயிருக்கும் போதுதான் தகராறு செய்யும்.

* ஸ்டார்ட் செய்ததும் பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். குளிர் காலையில் ஆவி போல் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்று விட்டால் பயமில்லை. நீலமாக வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் ஆபத்துதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் காபி மாதிரி பிசுக்கு இருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கலாம். அந்த வண்டியை மெக்கானிக் பார்க்காமல் வாங்கக் கூடாது.

* கிலோ மீட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். மீட்டரைக் குறைத்து வைக்க முடியும். கிளட்ச், பிரேக் மிதிக்கும் ரப்பரைப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் தடவிப் பாருங்கள். 30,000 கிலோ மீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் ரப்பர் வழவழ என்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோ மீட்டரும் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

* டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். '3219' என்றால் 2019ம் வருஷம் 32வது வாரம் தயாரானது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அலைன்மென்ட்டோ அடிப்பாகமோ சரியில்லை.

* கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே தகடுகள் சேரும் இடத்தில், வரிசையாக வட்ட வட்டமாக வெல்டிங் புள்ளிகள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறு பக்கம் இல்லாவிட்டால், அடிபட்டுப் பட்டி பார்த்த வண்டி.

* ஓட்டிப் பார்க்கும் போது ஏ.சி.யைப் போட்டு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் போய் விட்டது. பிரேக் பிடிக்கும் போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. திரும்பி வந்து கால் மணி நேரம் ஓட விட்டு, கீழே குனிந்து பாருங்கள். ஏ.சி. தண்ணீர் சொட்டினால் பரவாயில்லை. ஆயில் சொட்டக் கூடாது.

நாங்கள் பார்த்த மூன்றாவது வண்டி, திண்டுக்கல்லில் ஒரு புரோக்கரிடம் இருந்தது. 2019 மாடல் ஆல்ட்டோ. தூத்துக்குடிப் பக்கத்து வண்டி என்றார். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. மற்ற இடங்களில் 2,80,000 சொன்ன மாடலை இவர் 2,20,000க்குத் தருகிறேன் என்றார். என் கணவருக்கு ரொம்பப் பிடித்து விட்டது. 'சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது சார், பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டுடுங்க' என்று அவர் அவசரப்படுத்தினார்.

எனக்கு விலைதான் உறுத்தியது. காருக்குள் ஏறினால் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. நோட்டில் எழுதியிருந்தபடி பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் சேறு காய்ந்த கறை. சீட்டுக்கு அடியில் கை விட்டால், இரும்புத் தண்டவாளம் முழுக்கத் துரு. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் படிந்திருந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வந்த வெள்ளம் ஞாபகத்துக்கு வந்தது.

'ஏங்க, இன்னிக்கு அட்வான்ஸ் வேணாம்' என்றேன். 'என்னம்மா, ஆம்பளைங்க பேசிட்டு இருக்கோம்ல' என்றார் புரோக்கர். நான் விடவில்லை. வண்டி எண்ணைக் குறித்துக் கொண்டு, மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம். வெள்ளத்தில் மூழ்கி, 2024 ஜனவரியில் வேலை பார்த்த வண்டி என்று பதிவு இருந்தது. 'தண்ணி புகுந்த வண்டியில வயர் ஜாயின்ட் எல்லாம் உள்ளுக்குள்ளேயே அரிச்சிட்டு வரும்மா. இன்னிக்கு ஓடும், என்னிக்கு நிக்கும்னு சொல்ல முடியாது' என்றார் மெக்கானிக் அண்ணன். என் கணவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் வாங்கியது நாலாவதாகப் பார்த்த வண்டி. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய 2014 மாடல் ஆல்ட்டோ, 1,85,000 ரூபாய். கதவில் ரெண்டு இடத்தில் நசுங்கல், பெயின்ட் மங்கல். ஆனால், 62,000 கிலோ மீட்டருக்கும் சர்வீஸ் பில்களை வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். மெக்கானிக் அண்ணனுக்கு 500 ரூபாய் கொடுத்து, ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னோம். 'டயர் ரெண்டும், பேட்டரியும் மாத்திக்குங்க. இன்ஜின் நல்லா இருக்கு' என்றார். ஆயிலோடு சேர்த்து அதற்கு 17,000 ஆனது. பழைய வண்டி வாங்குபவர்கள், கையில் இருப்பதை எல்லாம் விலையாகக் கொடுத்து விடாதீர்கள். இந்த மாதிரி வேலைகளுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

காகித விஷயத்திலும் கவனம் தேவை. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப் போகிறதா, எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா, போலீஸ் அபராதம் பாக்கி உண்டா என்று பாருங்கள். அரசின் 'எம்பரிவாஹன்' செயலியிலும், பரிவாஹன் இணையதளத்திலும் வண்டி எண்ணைப் போட்டால் பெரும்பாலும் தெரிந்து விடும். சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம்தான், எங்கள் வண்டிக்கு 2029ல் புதுப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி என்று செலவு கூடும். படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றம் செய்ய விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்ற 14 நாள்தான் கெடு. பழைய ஓனருக்குக் கிடைத்து வந்த 'நோ கிளெய்ம் போனஸ்' நமக்கு வராது. அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை.

எட்டு மாதமாக வாரம் இரண்டு நடை தவறாமல் போய் வருகிறோம். இதுவரை ஒரு தடவை கூட நடு வழியில் நிற்கவில்லை. பின் சீட்டில் தலையணை வைத்துப் படுத்தபடி வருகிற அத்தை, 'இப்பதான் தாயி நிம்மதியா கண்ண மூட முடியுது' என்கிறார்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் பேச்சு வந்தால், 'நானும் வர்றேன்' என்று கூடவே கிளம்புங்கள். யாராவது அவசரப்படுத்தினால், அன்றைக்கு மட்டும் பணப்பையைத் திறக்காதீர்கள்.

- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்.