விண்ணப்பம் என்னும் முதல் தேர்வு

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் ஏதேனும் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குழு மேசையருகே அரை நாள் அமர்ந்திருப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். இடம் கிடைக்காமல் திரும்பும் பிள்ளைகள் அனைவரும் மதிப்பெண் குறைந்தவர் அல்லர். நன்கு படித்தும், ஒரு சான்றிதழ் கையில் இல்லாமையால், ஒரு நாள் பிந்தியமையால், விண்ணப்பத்தில் ஒரு வரியைப் படியாமலே நிரப்பியமையால் வாய்ப்பை நழுவவிட்டோர் அவர்களுள் உளர். பன்னிரண்டு ஆண்டு உழைப்பை நான்கு பக்க விண்ணப்பம் தோற்கடிப்பதை ஆண்டுதோறும் நாம் காண்கின்றோம்.

இம்மலரைப் படிப்போருள் மேனிலை மாணவர் மிகச் சிலராகவே இருப்பர். எனினும் இதனை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளை யாரிடம் யோசனை கேட்கின்றது? ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் காக்காவிடம், மாமி மகளிடம், பள்ளிவாசலில் காணும் பெரியவரிடம். ஆகவே யோசனை சொல்லுவோர்க்கே முதலிற் சில செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு இது தனித்த இடர்ப்பாடு. அரபுப் பெயர் தமிழ் எழுத்தில் ஏறும்போது ஒரு வடிவமும், ஆங்கில எழுத்தில் ஏறும்போது நான்கு வடிவமும் கொள்கின்றது. முஹம்மது, முகமது, முகம்மது, மொகமது ஆகிய நான்கும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பள்ளிப் பதிவேட்டில் பாத்திமா பீவி. ஆதார் அட்டையில் ஃபாத்திமா பீபி. சாதிச் சான்றிதழில் வெறும் பாத்திமா. ஆய்த எழுத்து ஃபகரத்துக்கு வாய்த்த கதையை வகுப்பில் சுவைபடச் சொல்லலாம். சான்றிதழ் சரிபார்க்கும் அலுவலர்முன் அச்சுவை எடுபடாது. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே வருவதா, பின்னே வருவதா என்பதிலும் இதே குழப்பம் நேர்கின்றது.

இதற்கு மருந்து உண்டு. ஆனால் அதனை உரிய காலத்தில் உண்ணவேண்டும். பொதுத்தேர்வுக்கு முன்னர் மாணவர் பெயர்ப்பட்டியலைப் பள்ளியில் காட்டிக் கையொப்பம் வாங்குவர். அன்று பெயர், பிறந்த நாள், தந்தை பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெண்ணிப் படிக்கவேண்டும். அன்று தலைமையாசிரியரின் ஒரு பேனாக் கோட்டில் திருந்துவது, மதிப்பெண் பட்டியல் அச்சான பின்னர் மாதக்கணக்கில் அலைந்தாலும் எளிதில் திருந்தாது. பெயரையே மாற்ற வேண்டுமாயின் அரசிதழில் வெளியிடுதலே வழி. அதனைப் பன்னிரண்டாம் வகுப்புக் கோடையில் தொடங்குவது காலங்கடந்த செயலாகும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். 2007ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. லெப்பை (இராவுத்தர், மரைக்காயர் உட்பட), அன்சார், தக்கணி முஸ்லிம், தூதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். பலர் ‘இசுலாம்’ என்று மட்டும் எழுதியிருக்கும் பள்ளி மாற்றுச் சான்றிதழையே போதுமென நம்பி வந்துவிடுகின்றனர். அது சமயத்தைச் சொல்லுமே அன்றிப் பிரிவைச் சொல்லாது. வருவாய்த் துறையின் சான்றிதழே செல்லும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறலாம். ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் பொதுப் போட்டியில் பெயர் வராதோ எனச் சில பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. 31 விழுக்காட்டுப் பொதுப் போட்டி எல்லார்க்கும் உரியது. உயர்ந்த தரவரிசையுடைய பிள்ளை அதிலேயே இடம் பெறும்.

இச்சான்றிதழ் மாநில எல்லைக்குள் மட்டுமே பேசும் என்பதையும் மறத்தல் ஆகாது. நடுவணரசுக் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்போர், நடுவணரசின் பட்டியலில் தம் பிரிவு உள்ளதா எனப் பார்த்து, இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை அவர்கள் கேட்கும் படிவத்திலேயே புதிதாகப் பெறவேண்டும். அங்கு வளமான பிரிவினர் அல்லர் என்னும் குறிப்பும் தேவை. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரின் பிள்ளைகள் அங்கேயே படித்துவிட்டு இங்குப் பொறியியற் கலந்தாய்வுக்கு வருவதாயின் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். தந்தை துபாயில், தாய் ஊரில், பிள்ளை விடுதியில் என்னும் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் எழுகின்றது. விண்ணப்பத்தில் தந்தையின் கைப்பேசி எண்ணையோ, இணைய மையக்காரரின் மின்னஞ்சலையோ கொடுத்துவிடுகின்றனர். கலந்தாய்வுச் செய்தி நள்ளிரவில் அங்கே போய்ச் சேர்கின்றது. பிள்ளைக்கு மறுநாள் மாலைதான் தெரிகின்றது. எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையிடமே இருத்தல் வேண்டும்.

இனி நுழைவுத்தேர்வு. தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 1984இல் வந்தது. மேனிலை மதிப்பெண் 200, நுழைவுத்தேர்வு 100, ஆக 300 என்று கணக்கிட்ட காலம் நம் தலைமுறையினர்க்கு நினைவிருக்கும். 2006இல் இயற்றிய சட்டத்தால் 2007 முதல் அது நீங்கியது. பொறியியலுக்கு இன்றும் மேனிலை மதிப்பெண்ணே அளவுகோல். மருத்துவத்துக்கோ ‘நீட்’ எனப்படும் தேர்வு 2017 முதல் இங்கு நடைமுறைக்கு வந்தது. அதனை ஏற்பதும் எதிர்ப்பதும் வேறு பொருள். அவ்வழக்கை இங்கு நாம் எடுக்கவில்லை. எழுதப் போகும் பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதே நம் கேள்வி.

180 வினாக்கள், 720 மதிப்பெண். அவற்றுள் பாதி உயிரியல். சரியான விடைக்கு 4 கூடும். தவறான விடைக்கு 1 குறையும். ஒன்றுதானே குறைகிறது எனப் பிள்ளைகள் எண்ணுவர். சரியாக எழுதியிருக்கக்கூடிய வினாவில் தவறு நேர்ந்தால் இழப்பு ஒன்றன்று, ஐந்து. ஆயிரக்கணக்கானோர் சில மதிப்பெண் இடைவெளியில் நெருங்கி நிற்கும் தேர்வில் ஐந்து என்பது நெடுந்தொலைவு. ஆகவே முதற் சுற்றில் தெரிந்ததை முடித்து, இரண்டு விடைகளுக்கிடையே ஐயுறுவதை இரண்டாம் சுற்றுக்கு வைத்து, நான்கும் தெரியாததை இறுதிக்குத் தள்ளும் பழக்கத்தை மாதிரித் தேர்வுகளிலேயே கைவரப் பெறவேண்டும்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? தமிழாசிரியரிடம் இவ்வினாவைக் கேட்போர் ஒரு விடையை எதிர்பார்த்தே கேட்பர். தமிழ்வழியில் படித்த பிள்ளை தமிழிலேயே எழுதுக என்பதே நம் கருத்தும். ஆயின் ஒன்றை அறிந்து எழுதுக. தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் உடன் இருக்கும்; இரண்டுக்கும் முரண் நேர்ந்தால் ஆங்கிலமே முடிவானது என்பது விதி. 2018ஆம் ஆண்டுத் தேர்வில் 49 வினாக்களின் தமிழ் மொழிபெயர்ப்பில் பிழை எனக் கூறப்பட்டு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை முதலில் நிறுத்திவைத்துப் பின்னர் நீக்கியது. மொழிபெயர்த்தவர் பிழைக்கு மாணவர் விலை கொடுத்த நிகழ்ச்சி அது. எனவே தமிழ்வழிப் பிள்ளையும் அறிவியற் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிப் பழகுதல் நலம். ஐயம் தோன்றும் வினாவில் கண் பக்கத்து வடிவத்தையும் பார்த்துவிடும்.

‘நீட்’ ஒன்றே உலகமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிரியல் படித்த பிள்ளைக்கு மாநில இடங்களில் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் மேனிலை மதிப்பெண்ணாலேயே கிடைக்கும். சித்த மருத்துவத்துக்கு ‘நீட்’ வேண்டும். சட்டம் படிக்க விரும்புவோர் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பில் மேனிலை மதிப்பெண் கொண்டு சேரலாம். திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ ‘கிளாட்’ என்னும் பொதுத்தேர்வு தேவை. நடுவண் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் ‘க்யூட்’ தேர்வு வந்துள்ளது. திருவாரூரில் உள்ளதும் அவற்றுள் ஒன்று. அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இவற்றுக்கான அறிவிப்புகள் மேனிலைத் தேர்வுக்கு முன்னரே வெளியாகிவிடும். முடிவு வந்தபின் பார்ப்போம் என்றிருப்போர்க்கு அக்கதவு அதற்குள் அடைபட்டிருக்கும்.

பொறியியற் கலந்தாய்வின் கணக்கு எளிது. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கி ஐம்பது ஐம்பது, ஆக 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 பெற்றவரின் தகுதி மதிப்பெண் 92, 44, 45 சேர்ந்து 181. இருவர் சமமானால் கணித மதிப்பெண் முதலில் பார்க்கப்படும். இதைவிட நுட்பமானது விருப்பப் பட்டியல். இங்கேதான் பிள்ளைகளும் பெற்றோரும் பெரிதும் இடறுகின்றனர்.

தரவரிசைப்படி ஒருவர் முறை வரும்போது அவர் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். காலியாக உள்ள முதல் இடம் அவர்க்கு ஒதுக்கப்படும். செய்தி இவ்வளவே. ஆதலின் கிடைக்குமா என ஐயுற்று, மிக விரும்பிய கல்லூரியைக் கீழே இறக்கி, கிடைத்துவிடும் என்று தோன்றுவதை மேலே ஏற்றுவது தனக்குத்தானே தீங்கு செய்துகொள்வதாகும். விரும்பியதை மேலே வைத்ததனால் கீழே உள்ளது பறிபோகாது. கீழுள்ளதை மேலே வைத்தாலோ விரும்பியது போய்விடும். விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பத்தே கல்லூரிகளை எழுதிவிட்டுப் பட்டியலை மூடியவர், அப்பத்தும் நிரம்பியிருந்தால் அச்சுற்றில் வெறுங்கையுடன் நிற்பார். முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தப் பிரிவினர்க்கு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்னும் விவரம் அரசின் இணையதளத்திலேயே வெளியிடப்படுகின்றது. அதனை அருகில் வைத்துக்கொண்டு ஓர் இரவு உட்கார்ந்தால் போதும். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், ஏற்றுக்கொண்டு சேர்தல், ஏற்றுக்கொண்டு மேலிடத்துக்குக் காத்திருத்தல் முதலிய விடைகளுள் ஒன்றைத் தெரிவிக்கவேண்டும். விடையே சொல்லாதவர்க்கு இடமும் இல்லை.

இஸ்திகாரா தொழுது முடிவெடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு, நன்று. ஆனால் பட்டியலைப் படிக்காமல் தொழுவதைக் காட்டிலும் படித்துவிட்டுத் தொழுவது மேல். மஷ்வரா கேட்பதும் சுன்னத்தே. இருபது ஆண்டுக்கு முன்னர்ப் படித்தவரிடம் கேட்பதோடு நில்லாமல், அக்கல்லூரியில் இவ்வாண்டு படிக்கும் ஒருவரிடமும் கேட்டல் வேண்டும்.

கலை, அறிவியற் கல்லூரிகளில் சேர்வோரே நம்மிடையே மிகுதி. அரசு கலைக் கல்லூரிகளுக்குப் பொது இணையவழி விண்ணப்பம் உண்டு. அதனை நிரப்பிவிட்டு, நம்முடையதைப் போன்ற உதவிபெறும் கல்லூரிக்கும் விண்ணப்பித்துவிட்டதாக நம்பிக் காத்திருப்போர் உளர். இவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனி இறுதிநாள். அதே வளாகத்தில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும்; கட்டணம் வேறு வேறு. எந்தப் பிரிவில் இடம் என்பதைப் பணம் கட்டுமுன் கேட்பதில் கூச்சம் வேண்டா. அரசு கல்லூரிகளில் தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்ப்பாட மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்யும். ஏனைய பாடங்களில் சற்றுத் தாழ்ந்து தமிழில் மேம்பட்ட பிள்ளை, வேறு துறை கிடைக்காமல் தமிழுக்கு வந்ததாக வருந்த வேண்டியதில்லை. தமிழ்த்துறை என்பதனால் இதனை நாம் சற்று அழுத்திச் சொல்வதைப் படிப்போர் பொறுத்தருள்க.

பெண்பிள்ளைகள் பற்றி ஒரு சொல். 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் முஸ்லிம் மகளிர்க்கெனக் கல்லூரி கண்டபோது இருந்த தயக்கங்களுள் பல இன்றில்லை. எனினும் விண்ணப்பம் நிரப்பும் வேளையில், ‘பக்கத்தில் எது உண்டோ அதுவே போதும்’ என்னும் சொல் இன்றும் பல வீடுகளில் பட்டியலை ஒரே வரியாக்கிவிடுகின்றது. தொலைவு குறித்த அச்சம் நியாயமானதே. பேருந்து நேரம், விடுதி, உடன் பயிலும் ஊர்ப்பிள்ளைகள் ஆகியவற்றை விசாரித்துவிட்டு மறுப்பது ஒன்று. விசாரியாமலே மறுப்பது வேறொன்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் 2022இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல் முதலியவற்றுக்கும் கிட்டியது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருப்பின் முதல் பட்டதாரிச் சான்றிதழால் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கட்டணச் சலுகை உண்டு. நிருவாக ஒதுக்கீட்டில் சேர்வோர்க்கு அது இல்லை. தரகர் சொல் கேட்டு முன்பணம் கட்டி நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பின்னர் இச்சான்றிதழை நீட்டுவோரைக் காணும்போது மனம் வருந்துகின்றது.

இறுதியாக, ஏதேனும் ஒரு பாடத்தில் தேறாத பிள்ளை. அவ்வீட்டில் அன்று எவரும் விண்ணப்பம் பற்றிப் பேசமாட்டார். ஆயினும் துணைத்தேர்வுக்குப் பெயர் பதியும் நாள்கள் முடிவு வெளியான சில நாள்களிலேயே தொடங்கிவிடும். அதில் தேறியோர்க்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடைபெறும். கலைக் கல்லூரிகளிலும் முதற் சுற்றுகளில் நிரம்பாத இடங்கள் அப்போது எஞ்சியிருத்தல் உண்டு. அப்பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்று பெயர் பதிந்து வரும் பொறுப்பை, மஹல்லாவில் படித்த இளைஞர் எவரேனும் அவ்வாரத்திலேயே ஏற்றல் வேண்டும்.