புலி தென்படாத நாளும் புலிக்காடுதான்
(முதுமலை புலிகள் காப்பகம், தெப்பக்காடு)

முதுமலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புலியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். அதை வைத்து இங்கே புலி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான்களாவது இரையாக வேண்டும். இரைக்கூட்டம் குறையாமல் இருக்க, அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் புலி எடுக்கலாம். அப்படியானால் ஒரு புலி நிலைத்து வாழ ஏறத்தாழ 500 இரைவிலங்குகள் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். சாலையோரத்துப் புள்ளிமான் கூட்டம், மூங்கில் அடியில் நிற்கும் கடமான், புல்வெளியில் தலைநிமிரும் காட்டெருது எல்லாமே புலி இங்கே வாழ முடியும் என்பதற்கான சான்றுகள். மேற்கே ஈர இலையுதிர்காடு, கிழக்கே மாயாற்றுப் பக்கம் முட்காடு என மழை குறையக் குறையக் காடு மாறுவதால்தான் இத்தனை வகை விலங்குகளுக்கும் இங்கே இடமிருக்கிறது.

புலியைப் பார்க்கத்தானே வந்தோம், வாகனத்தைக் காட்டுக்குள் இறக்கினால் என்ன என்று கேட்கலாம். ஆசை நியாயமானதே. ஆனால் புலி பதுங்கி வேட்டையாடும் விலங்கு. ஒருமுறை கலைந்தால் அந்த வேளை இரை போய்விடும். குட்டியோடு இருக்கும் தாய்க்கு அது பெரிய இழப்பு. புலிகளைக் கணக்கிடுபவர்களும் அவற்றைத் துரத்திப் போவதில்லை. தானியங்கி கேமராவில் பதியும் வரிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு: புல்லை ஒடுக்கிப் பரவியிருக்கும் உண்ணிச்செடி. அதை மான்கள் விரும்பி மேய்வதில்லை. போகும் வழியில் அந்தப் புதர்களைக் கவனியுங்கள். மந்தி எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் பேச்சை நிறுத்திக் காது கொடுங்கள்; புலி அருகில் இருக்கலாம்.