442 மார்க்கும் ஒரு வாழை இலையும்

“அண்ணே… ஃபெயிலாயிட்டேன்!”

விடியற்காலை அஞ்சு மணிக்கு நியூஜெர்ஸியிலிருந்து தங்கச்சி இப்படி அழுதால் எந்த அண்ணனுக்குத் தூக்கம் வரும்? எழுந்து உட்கார்ந்தேன்.

“எவ்வளவு?”

“442. பாஸ் மார்க் 450.”

எட்டே மார்க்! அதை நம்பி ஊரில் வீட்டுப் பத்திரம் பேங்க்கில் தூங்குகிறது. அப்பாவிடம் யார் சொல்வது? வேறு யார், நான்தான்!

தங்கச்சி இங்கே முதுகலை வரை படித்தது ஆக்குபேஷனல் தெரபி. “அப்படின்னா? வேலையில்லாதவங்களுக்கு வேலை வாங்கித் தர்ற வைத்தியமா?” என்று கேட்டார் எங்கள் ஆபீஸ் கேஷியர். அதில்லை ஸார்! பக்கவாதம் வந்தவர் மறுபடி சட்டைப் பட்டன் போட, கையில் அடிபட்டவர் தானே பிசைந்து சாப்பிட, ஆட்டிசம் உள்ள குழந்தை தானே பல் தேய்க்க… இப்படி அன்றாடக் காரியங்களைப் பழக்கிவிடுகிற வைத்தியம். அமெரிக்காவில் 1917-லேயே இதற்குச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தியாவில் முதல் பள்ளியை 1950-ல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டுமானால் என்.பி.சி.ஓ.டி. என்கிற வாரியத்தின் தேர்வில் பாஸாக வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் நாலு மணி நேரம். மார்க் 300-ல் ஆரம்பித்து 600-ல் முடியும். ‘600-க்கு 450-ன்னா 75 சதவிகிதம்’ என்று கணக்குப் போடாதீர்கள். கேள்விகளின் கஷ்டத்துக்கு ஏற்பச் சமன் செய்து போடுகிற மார்க் அது.

காலேஜில் அவள்தான் ஃபர்ஸ்ட். பிறகு எப்படிக் கோட்டை விட்டாள்? துறைத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன் என்ற முறையில் எனக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு. இந்த மாதிரித் தேர்வில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? துருவ ஆரம்பித்தேன்.

காலேஜில் நல்ல மார்க் வாங்கியவர்கள் பெரும்பாலும் இதிலும் நன்றாகச் செய்கிறார்கள். சரி… ஆனால் அது முடிந்துபோன கதை. இனிமேல் மாற்றக்கூடியது என்ன?

“எப்படிப் படிச்சே?” என்றேன்.

“புத்தகத்தை அஞ்சு தடவை முழுசா படிச்சேன்” என்று வீடியோவில் காட்டினாள். பக்கம் பூரா ஹைலைட்டர். புத்தகத்துக்கே மஞ்சள் நீராட்டு விழா நடத்தின மாதிரி இருந்தது!

செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கோஷ்டி ஒரே பாடத்தை நாலு வேளையும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கோஷ்டி ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. அஞ்சு நிமிஷம் கழித்து டெஸ்ட் வைத்தால் படித்த கோஷ்டிக்குத்தான் ஜெயம். ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் நினைவில் 40 சதவிகிதம், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 61!

தினமும் ராத்திரி புத்தகத்தைப் புரட்டிவிட்டு ‘எல்லாம் தெரியுது’ என்று குறட்டை விட்டேனே… அந்த அஞ்சு நிமிஷ ஜெயம்தான் அது!

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு நான் கேள்வி கேட்பேன். அங்கே சாப்பாட்டுக் கடை முடிந்த ராத்திரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு நாலு மணி நேர மாதிரித் தேர்வு. தப்பான பதில்களை ஒரு நோட்டில் மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொன்னேன். ‘தெரியாதது’, ‘அவசரம்’, ‘மற்றவை’.

மூன்றாவது பத்திதான் நிரம்பி வழிந்தது!

உதாரணத்துக்கு ஒன்று. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு, இடது பக்கம் ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. இலையில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதியில் சோறு மலையாக இருக்கும்போதே “இன்னும் கொஞ்சம் சாதம் போடு” என்பார்கள். இவருக்கு என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. நாலு பதிலும் சரி மாதிரியே இருக்கும்!

“மனைவியை விட்டு இலையைத் திருப்பி வைக்கச் சொல்லணும்” என்று அவள் டிக் அடித்திருந்தாள். விடை, தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அதை அவரே தேடிப் பார்க்கப் பழக்குவது.

“நம்ம வீட்ல யாராவது ஊட்டி விட்ருவாங்க அண்ணே. அவங்களுக்கு அவரே சாப்பிடணும்” என்றாள். அன்றைக்கே மூன்றாவது பத்தியின் தலைப்பை அடித்துவிட்டு ‘நம்ம வீட்டுப் புத்தி’ என்று எழுதினாள். புத்தகத்தை இன்னும் அஞ்சு தடவை படித்தாலும் அது பிடிபட்டிருக்காது. தப்பைத் திறந்து பார்த்ததால் பிடிபட்டது.

இன்னொரு விஷயம். ‘முதல்ல தோணின பதிலை மாத்தாதே’ என்று எல்லா வாத்தியாரும் சொல்வார்களே… இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். 2005-ல் வந்த முடிவு: தப்பிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவிகிதம். சரியிலிருந்து தப்புக்குப் போனவை 25-தான். காரணம் இருந்தால் தாராளமாக மாற்றலாம்!

நாலு மாசம் கழித்து, மறுபடி விடியற்காலை அஞ்சு மணி. போனை எடுக்கவே கை நடுங்கியது.

“471 அண்ணே!”

அப்பா போனை வாங்கி, பேச வராமல் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன வாரம் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: “இன்னிக்கு ஒரு தாத்தா தட்டு முழுக்க அவரே சாப்பிட்டார் அண்ணே.” மூன்று முறை கேட்டேன்.

அந்த வேகத்தில் துறைத் தேர்வுக்காக நானும் ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி போட்டேன். ஒரே வாரத்தில் நாலாவது ஒன்றும் தேவைப்பட்டுவிட்டது. தலைப்பு: ‘படிக்கவே இல்லை’!