ஃபுல் சிக்னல், ஆனா நெட் இல்ல: ஹாஸ்டல் வைஃபை எப்படி வேலை செய்யுது?

போன வருஷம் என் ரூம்மேட்டுக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட். லேப்டாப்பைத் திறந்தான். வைஃபை ஃபுல் சிக்னல், ஆனா நெட் வரல. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு உள்ள போறதுக்குள்ள 20 நிமிஷம் போச்சு. அந்த ரவுண்டு க்ளியர் ஆகல. ஏன்னு தேடினப்போ தெரிஞ்சதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல சுவர். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில ரஞ்சன்குடி கோட்டையைப் பாத்திருப்பீங்க. அந்தக் கல் சுவரைத் தாண்டி வைஃபை வராதுன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஹாஸ்டல் கான்கிரீட் சுவரும் அதுக்குத் தம்பிதான். ஒரு சுவர் 10 டெசிபல் குறைச்சா, சிக்னல் பவர் பத்துல ஒரு பங்காகும். இரண்டு சுவர்னா நூறுல ஒரு பங்கு. அதனால வராண்டா மூலையில ஒரு பெரிய ரவுட்டர் வைக்கிறதைவிட, அறைகளுக்குப் பக்கத்துல சின்னச் சின்ன ஆக்சஸ் பாயிண்ட் நிறைய வைக்கிறதுதான் சரி.

"பவரைக் கூட்டினா போதாதா?" போதாது. மைக்ல பேசுற தலைவர் குரல் கடைசி வரிசைக்குக் கேக்கும். கடைசி வரிசை ஆள் கேக்குற கேள்வி மேடைக்குக் கேக்காது. நம்ம போன்தான் அந்தக் கடைசி வரிசை ஆள்.

ரிப்பீட்டரும் நல்ல வழி இல்ல. ஒரே ரேடியோவுல வாங்கி, அதுலயே திருப்பி அனுப்புறதால வேகம் பாதியாகும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகும். பிஓஇ ஸ்விட்ச் இருந்தா அதே கேபிள்லயே கரண்டும் போயிடும், தனி பிளக் பாயிண்ட் வேண்டாம்.

அடுத்தது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாம வைக்க 1, 6, 11 மூணுதான். பக்கத்துப் பக்கத்து ஆக்சஸ் பாயிண்டுக்கு ஒரே சேனல் கொடுத்தா, ஒண்ணு பேசுறப்ப இன்னொண்ணு காத்திருக்கணும். 5 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் அதிகம். ஆனா சுவரைத் தாண்டுறது இன்னும் கஷ்டம்.

சரி, நண்பனுக்கு என்னதான் ஆச்சு? அவன் ஐபி அட்ரஸ் 169.254-னு ஆரம்பிச்சுது. அப்படின்னா டிஹெச்சிபி சர்வர் அவனுக்கு முகவரியே கொடுக்கலன்னு அர்த்தம். 255.255.255.0 நெட்மாஸ்க்ல மொத்தம் 254 முகவரிதான், அதுல ஒண்ணு ரவுட்டருக்கே போயிடும். 200 பேர், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப்னா 400 வேணும். ஊருக்குப் போனவன் போனுக்குக் கொடுத்த முகவரியும் லீஸ் முடியுற வரைக்கும் திரும்பி வராது. தீர்வுக்குப் பெரிய செலவு இல்ல: நெட்மாஸ்க்கை 255.255.252.0 ஆக்கினா 1022 முகவரி கிடைக்கும். லீஸ் நேரத்தையும் சில மணி நேரமாக் குறைக்கலாம்.

அதனால இனிமே "அண்ணா, நெட் வரல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ரூம் நம்பர், நேரம், ஐபி அட்ரஸ் மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. டெஸ்ட் இருந்தா முந்தின நாளே செக் பண்ணிடுங்க.