பிள்ளைகள் விளையாட ஓர் இடம்: யாரிடம் கேட்பது?

தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் பெய்கிற மழை கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியோடு சேர்ந்து, கிழக்குக் கடலுக்குப் போகிறது. கடலை நெருங்கும்போது மகாவலியிலிருந்து ஒரு கிளை பிரிகிறது. அதற்குப் பெயர் வெருகல் ஆறு. அந்த ஆற்றுப் பக்கத்தில்தான் திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்று இருக்கிறது. வெருகல் முருகன் கோயில் என்றால் நம்மில் சிலருக்குத் தெரியும். நம்ம தண்ணீர் போய்ச் சேருகிற ஊர் அது.

அந்த மக்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26ல் சுனாமி. 2006ல் மாவிலாற்றுத் தண்ணீர்த் தகராறோடு மூண்ட சண்டையில் வீடு வாசலை விட்டு வாகரைப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் ஓடினார்கள். 2007ல்தான் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே ஒரு விஷயத்தில் குழப்பம் கிடையாது. பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்றால் வெருகல் பிரதேச சபையிடம் போய்க் கேட்கலாம். கிடைக்குமா, கிடைக்காதா என்பது வேறு கதை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் கிராமத்து ரோடு, சந்தை, நூலகம், பூங்கா, மைதானம் போன்றவற்றைப் பிரதேச சபையின் வேலையாக வைத்திருக்கிறது.

தோட்டத்தில் நமக்கு அந்தக் கதவு முப்பது வருஷம் சாத்தியே கிடந்தது. தோட்டம் தனி நிர்வாகத்தின் கீழ் உள்ள இடம், லயத்துப் பக்கம் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஓட்டு மட்டும் போடலாம்! “மைதானமா? தொரையக் கேளுங்க” என்பார் மெம்பர். “அதுக்கெல்லாம் கம்பெனியில காசு இல்ல” என்பார் துரை.

2018ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டத்தில் குடியிருக்கிறவர்களின் நலனுக்குத் தேவையான ரோடு, கிணறு, மற்றப் பொது வசதிகளைப் பிரதேச சபை செய்து கொடுக்கலாம் என்று இப்போது இருக்கிறது. ‘கலந்து பேசி’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 1992 முதல் பெரிய தோட்டங்களில் அநேகம் கம்பெனிகளின் பொறுப்பில் இருக்கின்றன. துரையை விட்டுவிட்டுச் சபையிடம் போனாலும் வேலை நடக்காது, சபையை விட்டுவிட்டுத் துரையிடம் போனாலும் நடக்காது. ‘செய்யலாம்’ என்பதையும் கவனியுங்கள். செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. யாரும் கேட்காத தோட்டத்துக்கு யாரும் வரப் போவதில்லை.

“சுத்திவர எல்லாம் பச்சைதானே, தோட்டத்துக்கு எதுக்குப் பார்க்?” என்று சிலர் சிரிக்கிறார்கள். தேயிலை மலை பச்சைதான், ஆனால் அதில் பிள்ளை ஓடியாட முடியுமா? லயத்து வாசலில் கான் ஓடுகிறது. ரோட்டில் கொழுந்து லாரி வருகிறது. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிற பொட்டல்தான் பல டிவிசன்களில் மிஞ்சியிருக்கிற ஒரே சமதரை. பூங்கா என்றதும் கொழும்பில் இருப்பது மாதிரி கம்பி வேலியும் பூச்செடியும் நினைக்க வேண்டாம். அந்தப் பொட்டலைச் சரிவு இடிந்து விழாமல் கல் கட்டி, தண்ணீர் வடிய வழி வெட்டி, ஓரத்தில் இரண்டு மரமும் அம்மாமார் உட்கார ஒரு திண்ணையும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் கஷ்டம். அதற்கு ஈச்சிலம்பற்றிலிருந்து கடலோரமாகத் தெற்கே, வாகரையும் தாண்டி, மட்டக்களப்பு வரை போய்ப் பார்க்க வேண்டும். 1996ல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் அதற்கு முன்னின்றார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் அழைத்து வந்து, ஒன்றாக விளையாட விட்டார்கள். களிமண் பிசைவது, படம் தீட்டுவது, நாடகம் போடுவது, கதை சொல்வது, பிராணிகளைப் பார்த்துக்கொள்வது, இவைதான் அங்கே வேலை. ஒரே பிள்ளைகள் வாரா வாரம், பல மாதங்கள் வந்தார்கள். கூட இருந்து விளையாடியவர்கள் அந்தப் பகுதியிலேயே பயிற்சி கொடுத்து எடுத்த இளைஞர், யுவதிகள்.

பார்த்தீர்களா, விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை. பிள்ளைகளோடு தவறாமல் வந்து நிற்கும் பெரியவர்கள் இருந்தார்கள். நம் பக்கம் இது தலைகீழாக நடக்கிறது. சறுக்கு மரமும் ஊஞ்சலும் வரும், ரிப்பன் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் துருப் பிடிக்கும். பிறகு பெரிய பையன்கள் கிரிக்கெட் அடிக்க இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள், பொம்பளப் பிள்ளைகள் லயத்துக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். நேரம் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லாத மைதானம் பலசாலிக்குத்தான் சொந்தம்.

ஆகவே கேட்பதற்கு முன்னே வீட்டுக்கு வீடு பேசுங்கள். பிள்ளை மடுவத்து அம்மாமார், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம், தொழிற்சங்கத் தலைவர்மார் எல்லாரும் ஒரே கூட்டத்தில் உட்காரட்டும். சங்கம் எது, கட்சி எது என்பதை அந்த ஒரு நாள் வெளியே வைத்துவிடலாம். சாயந்தரம் நாலு மணிக்கு இடம் யாருக்கு, புல் வெட்டுவது யார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எந்த அக்கா எந்தக் கிழமை வருவார் என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கல் சுமக்கவும் மண் வெட்டவும் நாமே சிரமதானம் செய்வோம் என்றும் எழுதுங்கள். காசு குறைவான சபைக்கு அது பெரிய உதவி.

எந்தச் சபை என்று சரியாகப் பாருங்கள். முன்பு அம்பகமுவ என்று ஒரே சபையாக இருந்தது இப்போது அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்று. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனியாகிவிட்டன. 2025 மே 6ல் நடந்த தேர்தலில் வந்த புதிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கடிதத்தைத் தவிசாளருக்கு எழுதி, ஒரு பிரதியைத் துரைக்கும் கொடுங்கள். எந்த டிவிசன், எந்தப் பொட்டல், எத்தனை பிள்ளைகள் என்பதை எழுதி, துரை சம்மதம் தந்தால் அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். உங்கள் பிரதியில் சபையின் சீலும் திகதியும் வாங்காமல் திரும்பி வர வேண்டாம்.